ஆடல்மகளுக்குத் தாயும் இருக்கட்டும், கடனும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். பாடசாலை விடுமுறைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மேசையைச் சுற்றியிருந்து விளையாடும் பாத்திரமேற்பு ஆட்டங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். படிப்பைக் கெடுக்கும் வெளிநாட்டுப் பழக்கம் என்பது அவருடைய முடிவு. அந்த முடிவோடு வாதாட நான் வரவில்லை. அவ்வாட்டங்களில் பிள்ளைகள் ஆடல்மகள் ஒருத்தியைப் படைக்கும்போது அவளுக்கு எழுதிவைக்கும் முன்கதையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. நான் பரதம் கற்பிப்பவள். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்த ஆட்டத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் என்பதாலும், நடனம் சம்பந்தப்பட்ட எதையும் ரீச்சரிடம் காட்டிவிட்டுச் செய்வது அவர்களுடைய வழக்கம் என்பதாலும், அப்படிப்பட்ட முன்கதைகள் பலவற்றை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தரவேண்டும். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கு மூத்தது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். பிள்ளைகள் அவரை டி.எம். என்று அழைக்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்ல, செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் பலம் பலவீனங்கள் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பாத்திரம் எங்கே பிறந்தது, யாரிடம் வளர்ந்தது, ஏன் வீட்டை விட்டுப் புறப்பட்டது என்பதை ஆடுபவரே எழுதிக் கொடுக்கவேண்டும். முன்கதை என்று நான் குறிப்பிடுவது இதனைத்தான்.

நான் வாசித்த ஆடல்மகளிரின் முன்கதைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. அவளுடைய கிராமத்தைக் கொள்ளையர் எரித்துவிட்டார்கள். தாய் தந்தை இருவரும் இறந்துவிட்டார்கள். தெருவில் ஆடிப் பிழைத்தாள். யாரும் கற்பிக்காமலே அவளுக்கு ஆடல் வந்தது. அவள் கண்ணைப் பார்த்த காவலர்கள் மயங்கி விழுவார்கள். இப்போது பழிவாங்கப் புறப்பட்டிருக்கிறாள். இவ்வளவும் பத்து வரிக்குள் முடிந்துவிடுகிறது. உலகமெங்கும் இவ்வாட்டத்தை ஆடுபவர்கள் எரிந்த ஊரையும் இறந்த பெற்றோரையும் அலுக்காமல் எழுதுகிறார்கள் என்றும், வீட்டுக் கவலை இல்லாத பாத்திரத்தை எங்கும் அலையவிடலாம் என்பதே அதற்குக் காரணம் என்றும் பிள்ளைகளே எனக்கு விளக்கினார்கள்.

வேறு நாட்டில் அது வெறும் சோம்பலாக இருக்கலாம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு மழைக்குள் போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த நடையை வீட்டுக்கு வீடு நினைவில் வைத்திருக்கும் ஊரில், எரிந்த கிராமத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் வாளை எடுப்பது எனக்குப் பொருந்தவில்லை. அப்படி எழுதும் பிள்ளையின் அம்மம்மா அந்த இரவில் எதைத் தூக்கினார், எதை விட்டுவந்தார் என்று அந்தப் பிள்ளை ஒரு முறை கேட்டிருந்தால், அந்த ஒரு வரி ஒரு பக்கமாக வளர்ந்திருக்கும். இழப்பை எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதினால், அந்தப் பெண் எந்தப் பொருளைக் காப்பாற்றினாள், ஊர் திரும்பியபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்பவற்றையும் சேர்த்து எழுதவேண்டும் என்றே கேட்கிறேன். தாயைக் கொல்வது மிகச் சுலபம். ஆட்டத்தின் நடுவில் அந்தத் தாய் ஓர் ஆளனுப்பி, "தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கு, வா" என்று சொல்லும்போது என்ன செய்வது என்று யோசிப்பதுதான் கடினம். அதில்தான் விளையாட்டும் இருக்கிறது.

உடம்பிலிருந்து தொடங்குவோம். இந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரத்துக்கு வலிமை, லாவகம், தேகதிடம், அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு குணங்கள் உண்டு. விதிப்புத்தகம் தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை ஆடுபவர் தம் விருப்பப்படி அவற்றுக்குப் பங்கிடலாம். ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்த தாளில் கவர்ச்சிக்கு 15, லாவகத்துக்கு 14, தேகதிடத்துக்கு 8 என்று பென்சிலால் எழுதியிருந்தாள். நடனக்காரி மெல்லியவள்தானே ரீச்சர், அடி தாங்கமாட்டாள் என்பது அவள் தந்த விளக்கம். இதைச் சொன்னவள் அதற்கு முந்திய வகுப்பில் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியில் இருந்து எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்தவள்! முக்கால் மணிநேர வர்ணத்தை முழங்கால் மடித்தபடி ஆடி முடித்து, மூச்சிரைப்பது முகத்தில் தெரியாமல் அடுத்த பதத்துக்கு நாயகியாக நிற்கும் ஒருத்திக்குத் தேகதிடம் 8 என்றால், கோட்டைவாசலில் ஈட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கும் காவலனுக்கு எத்தனை கொடுப்பது? அவளுடைய முதல் எண் அங்கேதான் போகவேண்டும். சிறு வயதிலிருந்து சீமெந்துத் தரையில் தட்டடவு போட்டவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகும். மாரி காலத்தில் கால் உளையும். உள்ளங்கால் தோல் தடித்துக் குதிக்கால் வெடித்திருக்கும். கற்பனை நாட்டுச் சந்தையில் ஆள்மாறாட்டம் செய்து திரியும் ஆடல்மகளை அவளுடைய முகத்திரை மறைத்தாலும் பாதம் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல டி.எம். ஒருவருக்கு இந்த ஒரு குறிப்பே ஒரு மாலைப்பொழுதுக்குப் போதுமான சரக்கு.

சலங்கையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவில் கோட்டைக்குள் களவாக நுழையும் ஆடல்மகள் காலில் சலங்கையோடு நுழைகிறாள் என்று எழுதியிருந்ததை வாசித்து நன்றாகச் சிரித்தேன். தோற்பட்டையில் வரிசை வரிசையாகத் தைத்த மணிகளோடு ஒருத்தி வீட்டுப் படியிலிருந்து இறங்கினாலே அயலட்டைக்குத் தெரியும். கனத்த கவசம் பூண்டவன் பதுங்கிச் செல்லும்போது பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணையே எடுக்கவேண்டும் என்ற விதி அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. சலங்கைக்கும் அதையே வைத்தால் நியாயமாக இருக்கும். அதைவிட, அந்தச் சலங்கை யாருடையது என்று கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. நம்மிடையே பிள்ளை நினைத்த அன்று சலங்கை கட்டுவதில்லை. அடவுகள் படிந்து, ஆசிரியர் சம்மதித்து, சலங்கை பூசை செய்து, குருவின் கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பின்னரே கட்டுவது. அப்படியானால் உங்கள் ஆடல்மகளுக்குச் சலங்கை கொடுத்தவர் யார்? அவர் உயிரோடு இருக்கிறாரா? பூசை நடக்காமலே கட்டிக்கொண்டு ஓடிவந்தவளா இவள்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால் கொள்ளையரும் தீயும் இல்லாமலே அவள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட காரணம் கிடைத்துவிடும்.

தானாக ஆடல் வந்தவள் என்ற கற்பனை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆடல்மகளின் முன்கதையை எப்படி எழுதுவது என்பதற்குத் தமிழில் மிகப் பழைய மாதிரி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் அழகை வருணித்து நேரத்தைக் கழிப்பதில்லை. ஏழாண்டுப் பயிற்சி முடித்துப் பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆட வந்தவள் என்று தொடங்கி, அவளுடைய ஆடலாசிரியன் என்னென்ன அறிந்தவன், இசையாசிரியன் எப்படிப்பட்டவன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் ஆகியோருடைய தகுதி என்ன என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறது. பிறகு மேடைக்கு வருகிறது. இருபத்துநான்கு விரலளவு கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுபவள்மீது விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்பதைக்கூட அந்தப் புலவர் விடவில்லை. வலக்காலை முன்வைத்து மாதவி அரங்கில் ஏறுமுன்பே, அவளைச் சூழ எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பிள்ளை தன் ஆடல்மகளுக்கு இவர்களில் இரண்டு பேரை மட்டும் எழுதிவைக்கட்டும். நட்டுவாங்கத்தில் கண்டிப்பான ஒருவர், மத்தளத்தில் அவள்மேல் பொறாமை கொண்ட ஒருவர் என்றிருந்தாற்கூட, எந்த ஊருக்குப் போனாலும் அவளைத் தேடி யாரோ வரக்கூடும்.

அந்தக் காதையில் என்னை நெடுநாளாக உறுத்தும் ஒரு பொருள் தலைக்கோல். தோற்றோடிய பகையரசனின் வெண்கொற்றக் குடையைப் பறித்து, அதன் காம்பில் கணுவுக்குக் கணு நவமணி பதித்து, இடையில் பொன்தகடு பொதிந்து செய்த கோல் அது. இந்திரன் மகன் சயந்தனாகவே அதை வழிபட்டு, பொற்குடத்து நீரால் நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் துதிக்கையில் கொடுத்து ஊர்வலமாகக் கொண்டுவந்து அரங்கில் வைக்கிறார்கள். அதன் முன்னிலையில் ஆடி வென்றவளே தலைக்கோலி. கற்பனை ஆட்டங்களில் மந்திரக்கோல், மந்திரவாள் என்று பிள்ளைகள் தேடித் திரியும் பொருள்கள் எவற்றுக்கும் இது குறைந்ததல்ல. ஆனால் நான் சொல்ல வருவது அதன் மினுக்கத்தை அல்ல. அந்தக் குடைக்காம்பு யாரோ ஒரு நாட்டின் தோல்வி. அந்தத் தோற்ற நாட்டில் பிறந்து, சிறைப்பட்டோ பிழைப்புத் தேடியோ வென்றவனின் தலைநகருக்கு வந்து, அங்கே ஆடல் பயின்று, அரங்கேற்ற நாளில் வலக்காலை வைத்து ஏறுகிறாள் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். மாலை சூட்டி எதிரே வைத்திருக்கும் கோல் தன் சொந்த அரசனின் குடைக்காம்பு என்பது அவளுக்குத் தெரியும். சபையில் இருக்கும் வேறு எவருக்கும் அது தெரியாது. அவள் ஆடுவாளா, ஆடாமல் இறங்குவாளா? ஆடி வென்றால் அந்தப் பட்டத்தை எப்படிச் சுமப்பாள்? கோலைக் களவாடிக்கொண்டு ஓடினால் வென்றவனுக்கு அது திருட்டு. அவள் ஊருக்கு மீட்பு. பழிவாங்கும் கதையே வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாம். இதில் எரிந்த கிராமம் ஒன்றுகூடத் தேவையில்லை. இந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் அனுமதி கேட்கவேண்டாம்.

அடுத்தது சோறு. ஆடல்மகள் எதை உண்கிறாள், யார் தருகிறார்கள் என்ற கேள்விக்குப் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. மதுச்சாலையில் ஆடிக் காசு பெறுகிறாள் என்று எழுதுவதோடு சரி. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இராசராச சோழன் 1014 ஆம் ஆண்டளவில் வெட்டுவித்த கல்வெட்டு, அந்தக் கோயிலுக்குச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. எந்தத் தெருவில், எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு அவளுக்கு. எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள். அவள் பெயர் என்ன என்பன அதில் உண்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களில் ஒருத்தி இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ அவளுக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரைத் தெரிந்து அமர்த்தவேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது.

வரண்ட கணக்கென்று நினைப்பவர்கள் இதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கவேண்டும். பெரியம்மா இறந்துவிட்டார். நூறு கலம் நெல்லும் தெற்குத் தெருவில் வீடும் அக்காளின் மகளுக்கு வருகின்றன. அவளுக்கு ஆடத் தெரியாது. அல்லது தெரிந்தும் ஆட விருப்பமில்லை. அவள் தகுதியற்றவள் என்று தீர்ப்பானால் பங்கு வேறு ஒருத்திக்குப் போய்விடும். வீட்டிலிருக்கும் கண் தெரியாத பாட்டியும் தெருவுக்கு வருவார். பரிசோதிக்கும் நாள் அடுத்த பௌர்ணமி. இந்த நிலையில் உங்கள் பாத்திரம் ஒரு குகையில் புதையல் இருப்பதாகக் கேள்விப்பட்டு நாலு பேரோடு புறப்படுகிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திரும்பி வருவதற்கு ஒரு தவணையும் இருக்கிறது. அந்த நானூறு பெயர்களை வாசித்தால் முன்கதைக்கு எந்த அளவு போதும் என்பதும் புரியும். பெயர், வந்த ஊர், வீட்டின் இடம், பங்கு. இந்த நாலையும் நிரப்பாத முன்கதையை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பணம் கைமாறும் விதமும் கதைதான். மாதவிக்கு மன்னன் தந்த பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என்பது நூலில் இருக்கிறது. அந்த விலை பெறும் மாலையை வாங்குபவரே அவளுக்குரியவர் என்று நகர இளைஞர் திரியும் தெருவில் கூனி ஒருத்தி நின்று கூறுகிறாள். கோவலன் அந்த மாலையை வாங்கியதை எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் கூனியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அரங்கிலே ஆடியவளைவிட அந்தத் தெருவில் நின்றவளையே ஆடுவதற்கு நான் தெரிந்தெடுப்பேன் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். ஒருகாலத்தில் அவளும் ஆடியவளாக இருந்து, முதுகு வளைந்த பின் விற்கும் வேலைக்கு வந்தவள் என்பது அவளுடைய யோசனை. இது சிலப்பதிகாரத்தில் இல்லாத கற்பனை. ஆனால் கற்பனை ஆட்டத்துக்கு மிகத் தகுந்த கற்பனை.

உயிரோடு இருக்கும் உறவுகளின் பெறுமதிக்கு மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மாதவியின் தாய் சித்திராபதியைக் காட்டலாம். மாதவி துறவு கொண்டுவிட்டாள், பேர்த்தி மணிமேகலையும் ஆடல் வேண்டாம் என்கிறாள் என்றானபோது, குலத்தொழில் கைவிட்டுப் போகிறதே என்று கிழவி அடங்காமல் ஓடித்திரிந்து இளவரசன் உதயகுமரனையே தூண்டிவிடுகிறாள். கதையின் பாதி விசை அந்தக் கிழவியின் கால்களில் இருக்கிறது. மணிமேகலையை அநாதையாக்கியிருந்தால் நமக்கு அந்தக் காப்பியம் கிடைத்திருக்காது. துரத்திவரும் அரக்கனை வெட்டிச் சாய்த்துவிடலாம். "நான் உன்னை வளர்த்தேனே" என்று அழுதுகொண்டு வரும் அம்மம்மாவை என்ன செய்வது? எந்தப் பகடையும் அதற்குப் பதில் சொல்லாது.

மயக்கும் அழகி, நஞ்சு கொடுக்கும் உளவுக்காரி என்ற வார்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பதினாலு வயதுப் பிள்ளைகள் இதை எழுதுவது அவர்கள் பார்க்கும் படங்களால். ஆனாலும் இந்த வார்ப்புக்கு அடியில் உண்மையான மனிதர்கள் இருந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கவேண்டும். நம்மூர்க் கோயில் திருவிழாக்களில் நாதசுரமும் தவிலுமான பெரியமேளத்தோடு ஆடல்மகளிரின் சின்னமேளமும் நடந்த காலம் மூத்த தலைமுறையின் நினைவில் உண்டு. ஆறுமுக நாவலர் தேவதாசியர் ஆடலைக் கோயிலில் வைப்பதைக் கடுமையாகக் கண்டித்தவர். தமிழ்நாட்டில் 1947 ஆம் ஆண்டு சட்டம் அம்முறையைத் தடைசெய்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1930களில், அதே ஆடல் பரதநாட்டியம் என்ற பெயரில் மதிப்பான வீட்டுப் பிள்ளைகளின் கலையாகிவிட்டது. நானும் அந்த வழியில் வந்த கலையையே கற்பிக்கிறேன். சட்டம் சரியா பிழையா என்ற வழக்கு இங்கே வேண்டாம். ஒரு கற்பனை நாட்டில் அப்படியொரு ஆணை பிறந்த மறுநாட் காலை, நேற்றுவரை கோயில் வாசலில் ஆடியவள் எங்கே போகிறாள், அவளுக்குத் தெரிந்த பதங்களை யார் வந்து கேட்டுப் படிக்கிறார்கள், படித்தவர்கள் பின்னர் அவளைத் தெருவில் கண்டால் முகம் பார்க்கிறார்களா என்பவை எழுதத் தகுந்தவை. மயக்குமோகினியை எழுதும் கைக்கு இதையும் எழுத வலு உண்டு.

ஆடுபவர் என்றால் பெண்தான் என்றும் இருக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கூத்து மரபில் பெண்வேடத்தை ஆண்களே கட்டி ஆடினார்கள். பகலில் கடலுக்கோ தோட்டத்துக்கோ போனவர் இரவு கூத்தாடும் களரியில் அரசியாக வந்து நின்றார். நாற்பது வயதில், மீசையை மழித்துக்கொண்டு, விடியும்வரை சந்திரமதியாக அழுதுவிட்டு, காலையில் வலையை எடுக்கும் ஒருவரை எந்தப் பிள்ளையும் இதுவரை எனக்கு எழுதிக் காட்டவில்லை. எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

கூத்தை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட முன்கதை எழுதும் பிள்ளைகள் முதல்நாள் ஆட்டத்தில் அதை முழுவதும் வாசித்துக் காட்டி மற்றவர்களைக் கொட்டாவி விட வைக்கிறார்கள் என்று ஒரு டி.எம். என்னிடம் முறையிட்டார். கூத்திலே பாத்திரம் களரிக்கு வரும்போது வரவுத் தரு என்னும் அறிமுகப் பாட்டைப் பாடி, தான் இன்னார் என்று சொல்லி, அதற்குரிய தாளக்கட்டுக்கு ஆடிச் சுற்றுகிறது. அரசனுக்கு ஒரு நடை, அரசிக்கு ஒரு நடை, வேடனுக்கு ஒரு நடை. நாலைந்து வரியில் பெயரும் ஊரும் செருக்கும் சபைக்குத் தெரிந்துவிடும். எஞ்சியதைக் கதை நடக்க நடக்க அறிந்துகொள்வார்கள். பிள்ளைகளும் இதையே செய்யட்டும். இரண்டு பக்கத்தை டி.எம். கையில் கொடுத்துவிட்டு, மேசையில் வரவை மட்டும் சொல்லட்டும். எப்படி நடந்து உள்ளே வருகிறாள் என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கவேண்டும். ஆடுபவளை அவள் நடையில் அறியாமல் வேறெதில் அறிவது?

முன்கதையில் ஒரு மூலையை ஆடுபவரே அறியாமல் வெறுமையாக விட்டுவைப்பதும் நல்லது. மணிமேகலை தன் முற்பிறப்பை மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டபோதே அறிகிறாள். அதுவரை அவளுக்கும் தெரியாது. தான் இலக்குமியாக இருந்ததும், கணவன் இராகுலன் திட்டிவிடம் என்ற பாம்பால் இறந்ததும், அவனே உதயகுமரனாகப் பிறந்து தன்னைத் தொடர்வதும் கதையின் நடுவில் வெளிப்படுகின்றன. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று நம்மவர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். குறிகாட்டுவானில் படகேறினால் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில், முன்கதை நடுக்கதையில் திறந்த இடம் என்று ஒன்றை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆடல்மகளுக்கு ஒரு ஜதி மறந்துபோயிருக்கட்டும். யார் கற்பித்தது என்று அவளுக்கு நினைவில்லாத ஓர் அடவு அவள் காலில் இருக்கட்டும். எந்த ஊரில் யார் அதை அடையாளம் காண்பார் என்பதை டி.எம். தீர்மானிக்கட்டும்.

நேர விரயம் என்று எழுதிய வாசகருக்கு ஒன்று மட்டும். ரியூற்றரிக்கும் பாடசாலைக்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லாத பிள்ளைகள் சனிக்கிழமைப் பின்னேரம் மூன்று மணிநேரம் கைபேசியைத் தூர வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக் கதைக்கிறார்கள். எண்களைக் கூட்டிக் கழிக்கிறார்கள். அரங்கேற்று காதையை உயர்தரத்துக்குப் பாடமாக்கியவர்களைவிட, தலைக்கோல் எங்கே களவுபோனது என்று தேடிக்கொண்டு என்னிடம் வந்த பொடியன் அதை ஊன்றி வாசித்திருந்தான். பரதம் படிக்காதவன் அவன். மேடைக்கு ஒரு கோல் என்றால் எத்தனை அடி என்று கேட்டு, தன் வீட்டு விறாந்தையில் சோக்கட்டியால் கீறிப் பார்த்தானாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் கவிதைக்கும் கட்டுரைக்கும் இடம் கொடுப்பதுபோல, இருநூறு சொற்களுக்கு மேற்படாத பாத்திர முன்கதைகளுக்கும் மாதம் ஒருமுறை இடம் கொடுங்கள். முதல் மாதத்துக்கு ஆடுபவர் ஒருவரை எழுதச் சொல்லலாம். ஆணாகவோ பெண்ணாகவோ, கோயிலிலோ களரியிலோ சந்தையிலோ ஆடுபவராக இருக்கலாம். உயிரோடிருக்கும் உறவினர் ஒருவரும், கற்பித்த ஒருவரும், கொடுக்கவேண்டிய கடன் ஒன்றும் அதில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் போடுங்கள். வருபவற்றை வாசித்துத் தெரிந்தெடுத்துத் தர நானும், கூத்துப் பழகிய நண்பர் ஒருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
நடன ஆசிரியை ஒருவர்,
இணுவில், யாழ்ப்பாணம்.